பருத்திக் கொட்டை உணவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மதுரையில் மாலை வேளைகளில் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பாலை நான் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகக் குடித்து வருகிறேன். பருத்திக் கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து, அந்தப் பாலில் அரிசி மாவைக் கரைத்துவிட்டுக் காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, மேலே தேங்காய்த் துருவல் தூவித் தரும் அந்த ஒரு குவளை, சளி பிடித்தவருக்கு மருந்தாகவும் பசித்தவருக்குச் சிற்றுண்டியாகவும் இந்த ஊரில் நெடுநாளாக இருந்து வருகிறது. சென்ற மாதம், எனக்கு வழக்கமாக ஊற்றித் தருபவரிடம், "கொட்டை எங்கே வாங்குறீங்க தம்பி?" என்று கேட்டேன். "மாட்டுத் தீவனக் கடையிலதான் சார். மாட்டுக்குப் போடுற அதே கொட்டைதான், நல்லதாப் பாத்துப் பொறுக்கி எடுத்துக்குவோம்" என்றார். "அது மரபணு மாற்றிய பி.டி. பருத்தியா, நாட்டுப் பருத்தியா?" என்று அடுத்துக் கேட்டதும், கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்திவிட்டு, "அதெல்லாம் கொட்டையில எழுதியா சார் இருக்கு?" என்றார்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பள்ளியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்தையும் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். வீட்டிலிருந்து காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லி, தயாரித்த தேதி, எடை, விலை, சேர்மானங்கள், பச்சைப் புள்ளி என்று ஒவ்வொன்றாக மாணவர்களைப் படிக்க வைத்திருக்கிறேன். மரபணுவை வேறோர் உயிரியிலிருந்து எடுத்துச் செடியில் புகுத்துவது எப்படி என்பதையும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். இந்த இரண்டு பாடங்களும் ஒரே உறையின் மேல் சந்திக்க வேண்டியவை என்பது, வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த வண்டிக்காரர் கரண்டியை நிறுத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. மரபணு மாற்றப்பட்ட உணவுப் பொருள்களுக்குக் கட்டாய அடையாளம் வேண்டும் என்பதோடு, அந்த அடையாளத்தை ஆய்வகக் கருவியில் என்ன தெரிகிறது என்பதை வைத்து முடிவு செய்யாமல், பொருள் எந்த விதையிலிருந்து வந்தது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்தவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

"இந்தியாவில் மரபணு மாற்ற உணவே கிடையாது, பருத்தி மட்டும்தான் உண்டு" என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறோம். பி.டி. பருத்திக்கு 2002 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவின் மரபணு ஒன்றை ஏற்றி, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரித்துக்கொள்ளும்படி செய்த பருத்தி அது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த வகைதான். கோவில்பட்டிக் கரிசலில் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகள் மிகவும் சுருங்கிவிட்டன. பி.டி. பருத்தி விவசாயிக்கு லாபமா நட்டமா, இளஞ்சிவப்புக் காய்ப்புழு மறுபடியும் ஏன் தலைதூக்கியது என்பவை வேறு விவாதம். அதற்குள் நான் போகவில்லை. பருத்தி என்றால் துணி, ஆகவே அது உணவுக் கணக்கில் வராது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

செடியிலிருந்து பறித்து வரும் பருத்தியில் எடைக் கணக்குப்படி பஞ்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் கொட்டை. ஜின்னிங் ஆலையில் பஞ்சு ஒரு பக்கம் பொதியாகக் கட்டப்பட்டு நூற்பாலைக்குப் போகிறது. கொட்டை மறுபக்கம் மூட்டையில் ஏறுகிறது. அந்த மூட்டையில் ஒரு பகுதி தீவனக் கடைக்கு வந்து, அங்கிருந்து பருத்திப்பால் வண்டிக்கும் வந்து சேர்கிறது. பெரும்பகுதி எண்ணெய் ஆலைக்குப் போய் எண்ணெயாகவும் புண்ணாக்காகவும் பிரிகிறது. புண்ணாக்கு கறவை மாட்டுக்கு. எண்ணெய் நமக்கு. ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பருத்திக் கொட்டை எண்ணெய் இந்த நாட்டில் உற்பத்தியாகிறது. குஜராத்தில் அது அன்றாடச் சமையல் எண்ணெய். மற்ற மாநிலங்களில் வனஸ்பதியிலும், உணவகச் சட்டியிலும், உறையில் அடைத்து வரும் மிக்சர், சிப்ஸ் வகைகளிலும் அது சத்தமில்லாமல் கலந்திருக்கிறது. விருதுநகர்ச் சந்தை நிலவரத்தைப் பத்திரிகையில் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்குக் கடலைப் புண்ணாக்கின் விலை தெரியும், பாமாயிலின் விலை தெரியும். தாம் தின்னும் பலகாரம் எந்த எண்ணெயில் பொரிந்தது என்பது மட்டும் தெரியாது.

நான் இதைச் சோதித்துப் பார்த்தேன். வட மாநிலத் தயாரிப்பு ஒன்றின் மிக்சர் உறையில், ஊசிமுனை எழுத்தில், பருத்திக் கொட்டை எண்ணெய் என்று ஆங்கிலத்தில் குறிப்பிட்டிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். கீழே இருந்த வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து, இந்த எண்ணெய் பி.டி. பருத்தியிலிருந்து வந்ததா என்று கேட்டேன். பேசிய பெண் மரியாதையாகப் பேசினார். இரண்டு முறை காத்திருக்கச் சொல்லிவிட்டு, "எங்கள் தயாரிப்புகள் எல்லாம் அரசு விதிகளின்படிதான் தயாராகின்றன ஐயா" என்றார். விதிகளைப் பற்றி நான் கேட்கவில்லை; விதையைப் பற்றிக் கேட்டேன் என்றேன். "அந்த விவரம் எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு மேல் இருப்பவருக்கும், அவருக்கும் மேல் இருப்பவருக்கும் தெரிந்திருக்காது. அந்த விவரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் சங்கிலியில் யாருக்கும் இல்லை என்பதுதான் இதிலுள்ள கோளாறு.

உள்ளூர்ப் பருத்தியோடு கதை முடிவதுமில்லை. ஆண்டுக்கு முப்பது லட்சம் டன்னுக்கு மேல் சோயா எண்ணெயை நாம் இறக்குமதி செய்கிறோம். பெரும்பகுதி அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது. அந்த இரு நாடுகளிலும் விளையும் சோயா ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றப்பட்டது. களைக்கொல்லியைத் தாங்கும்படி மாற்றப்பட்ட சோயாவின் எண்ணெயை இறக்குமதி செய்ய மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2007இலேயே அனுமதி தந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது: சோயா, மக்காச்சோளம், நெல், கத்தரி, உருளைக்கிழங்கு, பப்பாளி, தக்காளி, ஆப்பிள் உள்ளிட்ட 24 பயிர்கள் இறக்குமதியானால், மரபணு மாற்றம் செய்யப்படாதவை என்ற சான்று கூடவே வர வேண்டும், தவறிக் கலந்திருந்தால் ஒரு சதவீதம் வரை பொறுக்கப்படும். நல்ல ஆணைதான். ஆனால் அது பயிருக்கு மட்டுமே பொருந்தும், பதப்படுத்திய பொருளுக்குப் பொருந்தாது என்று பின்னர் விளக்கமும் தந்தார்கள். சோயா மொச்சையாக வந்தால் சான்றிதழ் கேட்டு நிறுத்தப்படுகிறது; எண்ணெயாகப் பிழியப்பட்டு வந்தால் நேரே உள்ளே வருகிறது. பிறந்த வீட்டை விசாரிக்காமல் புடவையை மட்டும் பார்த்துப் பெண் எடுப்பது போல இருக்கிறது இந்த ஏற்பாடு.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, மரபணு மாற்றப்பட்ட உணவுப் பொருளை ஒழுங்குமுறைகள் இடம் தந்தாலன்றித் தயாரிக்கவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. 2012 ஜூனில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பொட்டலப் பொருள் விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, மரபணு மாற்றப்பட்ட உணவு அடங்கிய ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பிலும் மேற்பகுதியில் 'ஜி.எம்.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. அது 2013 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நான் நடத்திய மன்றத்தில் மாணவர்கள் கொண்டுவந்து குவித்த உறைகளில் அந்த இரண்டு எழுத்துகளை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. எத்தனை சதவீதத்துக்கு, எந்தப் பரிசோதனையின்படி, யார் கண்காணிப்பில் என்று எதையும் சொல்லாமல் வந்த விதி, அறிவிக்கையோடு நின்றுபோனதில் வியப்பில்லை.

பிறகு உணவு ஆணையம் வரைவுகளை வெளியிடத் தொடங்கியது. 2018 வரைவில், மரபணு மாற்றப்பட்ட சேர்மானம் ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அடையாளம் இட வேண்டும் என்று இருந்தது. 2021 நவம்பர் வரைவில் அது ஒரு சதவீதமாகக் குறைந்தது. 2022 நவம்பரில் திருத்திய வரைவு. இப்படி வரைவின் மேல் வரைவாக ஆண்டுகள் ஓடின. இதற்கு நடுவே, 2018இல் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் 65 பொருள்களை வாங்கித் தன் ஆய்வகத்தில் சோதித்தது. 21 பொருள்களில் மரபணு மாற்றத்தின் தடயம் இருந்தது. இறக்குமதியான 35இல் 16. உள்நாட்டில் தயாரான 30இல் 5. அந்த ஐந்தும் பருத்திக் கொட்டை எண்ணெய் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கான உணவும் அந்த 21இல் இருந்தது.

சதவீதக் கணக்கில்தான் எனக்குப் பெரிய ஐயம் இருக்கிறது. கொரோனா காலத்துக்குப் பிறகு பி.சி.ஆர். பரிசோதனை என்றால் என்ன என்று வீட்டுக்கு வீடு தெரியும். மூக்கில் எடுத்த சளியில் கிருமியின் மரபுப்பொருள் துளி இருந்தாலும் அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் முறை அது. உணவிலும் இதே முறையில்தான் தேடுகிறார்கள்: புகுத்தப்பட்ட மரபணுவோடு வழக்கமாகச் சேர்த்து வைக்கப்படும் சில குறிப்பிட்ட துண்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். மக்காச்சோள மாவிலோ சோயா உருண்டையிலோ இது நன்றாக வேலை செய்யும். எண்ணெயில் அப்படியில்லை. கொட்டையிலிருந்து பிழிந்த கருத்த எண்ணெயைக் காரம் சேர்த்துக் கசடு நீக்கி, நிறம் உறிஞ்சும் மண்ணில் வடித்து, கடும் சூட்டில் நீராவி பாய்ச்சி வாடை போக்கி, தண்ணீர் போலத் தெளிந்த பிறகுதான் டின்னில் அடைக்கிறார்கள். இத்தனையும் கடந்து வந்த எண்ணெயில் மரபணுவும் புரதமும் மிஞ்சுவது மிகமிக அரிது. சில சமயம் தடயம் கிடைக்கும், பல சமயம் கிடைக்காது. மேலே சொன்ன ஐந்து மாதிரிகளில் கிடைத்தது. அடுத்த ஆலை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுத்திகரித்தால் கிடைக்காமலும் போகலாம். அப்படியானால், ஒரே வயலில் ஒரே நாளில் எடுத்த பருத்தியின் எண்ணெயில் ஒரு டின்னுக்கு அடையாளம் வேண்டும், இன்னொரு டின்னுக்கு வேண்டாம் என்றாகிவிடும். இந்தியர்கள் உண்ணும் மரபணு மாற்ற உணவின் பெரும்பகுதி எண்ணெயாகவே இருக்கும் நிலையில், கருவியில் தெரிவதற்கு மட்டும் அடையாளம் என்று விதி செய்தால், கழுத்தில்லாதவருக்கு மாலை தைத்த கதையாகத்தான் முடியும்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சிக்கலை இருபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டது. 2003இல் இயற்றி 2004 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய அவர்களுடைய விதிகளின்படி, மரபணு மாற்றப்பட்ட பயிரிலிருந்து பெறப்பட்ட பொருள் என்றால், அதில் மரபணு மிஞ்சியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அடையாளம் இட வேண்டும். அங்கே சொல்லும் 0.9 சதவீதம் என்பது, தவிர்க்க முடியாமலும் தெரியாமலும் கலந்துவிட்டதற்கான சலுகை மட்டுமே. விதை வியாபாரி, கிடங்குக்காரர், ஆலைக்காரர், உணவு நிறுவனம் என்று ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவருக்கு எழுத்தில் தெரிவித்து, அந்தக் கணக்கை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆய்வகம் செய்ய முடியாத வேலையைக் கணக்கேடு செய்கிறது. அமெரிக்கா வேறு வழியில் போனது. 2016இல் சட்டம் இயற்றி, 2022 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். ஐந்து சதவீதம் வரை தவறிக் கலந்தால் விலக்கு. மாற்றிய மரபுப்பொருள் கண்டறிய முடியாத அளவுக்குச் சுத்திகரித்த எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் விலக்கு அளித்தார்கள். மக்கள் வாயில் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு 'உயிரிப் பொறியியல் உணவு' என்ற புதுப்பெயர். வேண்டுமானால் எழுத்தே இல்லாமல் ஒரு கியூ.ஆர். கட்டத்தை மட்டும் அச்சடிக்கலாம் என்ற வசதியும் வைத்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் என் வயதுப் பெண்மணி எண்ணெய் வாங்கும்போது போனை எடுத்து அந்தக் கட்டத்தைப் படம் பிடிப்பார் என்று எதிர்பார்க்கும் விதியை யாருக்காக எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நம் நாடு இந்த இரண்டில் ஒன்றைத்தான் பின்பற்றப் போகிறது என்றால், அது முதலாவதாக இருக்கட்டும்.

அதற்கு நம் நீதிமன்றங்களே வழி காட்டியிருக்கின்றன. 2021 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், ராம் கௌ ரக்ஷா தள் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், உணவுச் சேர்மானங்களை எண்களால் மட்டும் குறிப்பிட்டால் போதாது, அவை தாவரத்திலிருந்து வந்தவையா விலங்கிலிருந்து வந்தவையா என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. உருளைக்கிழங்கு வறுவலிலும் நூடுல்ஸிலும் சுவைக்காகச் சேர்க்கும் ஒரு பொருள் இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ வணிக அளவில் எடுக்கப்படுகிறது என்பதை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். அளவு எவ்வளவு சிறியது என்பது பொருட்டல்ல. உண்பவருக்கு மூலம் தெரிய வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அந்தச் சேர்மானத்தை ஆய்வகத்தில் எவ்வளவு ஆராய்ந்தாலும் அது மீனா மாடா என்று மூலக்கூறு பேசாது. தயாரித்தவர் சொன்னால்தான் தெரியும். எண்ணெய்க்கும் அதே நியாயம். 2024 ஜூலை 23 அன்று, மரபணு மாற்றப்பட்ட கடுகு வழக்கில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் கடுகுக்கு அளித்த அனுமதி செல்லுமா என்பதில் மாறுபட்டார்கள். ஆனால் மரபணு மாற்ற உணவு இறக்குமதியில், குறிப்பாகச் சமையல் எண்ணெயில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பொட்டலமும் அடையாளமும் பற்றிய 23ஆம் பிரிவைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதில் மாறுபாடு இருக்கவில்லை. நீதிபதிகள் எண்ணெயைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இனி எதிர்வாதங்கள். "மரபணு மாற்ற உணவால் தீங்கு என்று நிரூபணம் இல்லை, அப்புறம் ஏன் எச்சரிக்கை?" என்று கேட்கிறார்கள். தீங்கு என்று நான் சொல்லவில்லை. தாவரவியல் படித்தவன் என்ற முறையில், அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு வகையையும் தனித்தனியே சோதித்துத்தான் பேச வேண்டும் என்றும், ஒட்டுமொத்தமாகப் பயமுறுத்துவது அறிவியல் ஆகாது என்றும் நம்புகிறவன். ஆனால் பழுப்புக் குறி இட்ட உறையைப் பார்த்து, முட்டை நஞ்சு என்று அரசு எச்சரிப்பதாக யாரும் பொருள் கொள்வதில்லை. சைவம் உண்பவர் தம் வழியில் போக, அசைவம் உண்பவர் தம் வழியில் போக, 2001 முதல் அந்தக் குறி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை ஆகியவற்றைப் பற்றி அறிவிக்கப்படும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. ஆபத்து இருந்தால் மட்டுமே அறிவிக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஒருவர் மத நம்பிக்கையால் தவிர்க்கலாம், ஒருவர் விதை நிறுவனங்களின் ஆதிக்கம் பிடிக்காமல் தவிர்க்கலாம், ஒருவர் பூச்சிமருந்து குறையும் என்று விரும்பியே வாங்கலாம். காரணத்தைக் கடைக்காரரிடமோ அமைச்சகத்திடமோ நாம் விளக்க வேண்டிய கடமை இல்லை. இன்னொன்றும் இதில் உண்டு: யார் எதை உண்டார் என்று பதிவே இல்லாத நாட்டில், நாளைக்கு ஓர் ஒவ்வாமைப் புகார் எழுந்தால், அது உண்மையா வதந்தியா என்று கண்டுபிடிப்பதற்கு மருத்துவரிடம் எந்தத் தடயமும் இருக்காது. தொழில்நுட்பத்தின் மீது நம்பிக்கை உள்ளவர்களே முதலில் கேட்க வேண்டியது இந்த அடையாளத்தைத்தான்.

"சிறு வியாபாரிகள் தாங்க மாட்டார்கள்" என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை இருக்கிறது. பருத்திப்பால் வண்டியில் பலகை தொங்கவிடச் சொல்லி, அதைக் காரணம் காட்டி அந்தத் தம்பியிடம் யாராவது கையை நீட்டுவதற்கு நான் வழி செய்ய மாட்டேன். கடமை மேலிருந்து கீழே வரட்டும். ஜின்னிங் ஆலை கொட்டை மூட்டையில் எழுதட்டும். எண்ணெய் ஆலையும் இறக்குமதியாளரும் டின்னில் எழுதட்டும். பொட்டலப் பலகாரம் செய்யும் நிறுவனம் அந்த டின்னைப் பார்த்துத் தன் உறையில் எழுதட்டும். கொட்டை மூட்டையில் எழுதியிருந்தால், வண்டிக்காரர் கேட்டவருக்கு வாயால் சொல்லிவிட்டுப் போகிறார். நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்கு பி.டி. என்று தெரிந்திருக்கும்போது, தனித்தனியே சோதிக்கும் செலவு எதற்கு? எல்லாப் பருத்திக் கொட்டை எண்ணெய்க்கும் அடையாளம் உண்டு என்று வைத்துவிட்டு, தம்முடையது நாட்டுப் பருத்தி என்று சொல்பவர் மட்டும் கணக்குக் காட்டட்டும். கருங்கண்ணி போடும் கரிசல் விவசாயிக்கு அதனால் நாலு காசு கூடுதலாகக் கிடைத்தால் யாருக்கு நட்டம்? புண்ணாக்குத் தின்ற மாட்டின் பாலுக்கும் அடையாளம் கேட்பீர்களா என்றால், கேட்க மாட்டேன், ஐரோப்பாவிலும் கேட்பதில்லை. ஆனால் தீவன மூட்டையில் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் வரை கோழித் தீவனத்துக்காக இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தபோது, பண்ணை வைத்திருப்பவர் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

கட்டாய அடையாளம் இல்லாத இடத்தில் வேறொரு வியாபாரம் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'மரபணு மாற்றம் அற்றது' என்று பெருமையாக அச்சிட்ட நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இப்போது கூடுதல் விலைக்கு வருகின்றன. மரபணு மாற்றப்பட்ட எள்ளோ நிலக்கடலையோ சந்தையில் கிடையாது. அப்படியிருக்க, இல்லாத ஒன்று இல்லை என்று சொல்வதற்கு நாம் பணம் கொடுக்கிறோம். உப்பு உறையில்கூட இந்த வாசகத்தை அச்சிடுகிறார்கள். உப்புக்கு ஏது மரபணு! சொல்ல வேண்டியவர் சொல்லாமலும், சொல்லத் தேவையில்லாதவர் உரக்கச் சொல்லியும் நுகர்வோரைக் குழப்பும் இந்த நிலைமையில், அவ்வகை விளம்பரத்துக்கும் கட்டுப்பாடு வர வேண்டும். ஜப்பானில் 2023 ஏப்ரல் முதல், மரபணு மாற்றம் அற்றது என்று எழுத வேண்டுமானால் கலப்பு கண்டறியப்படாத பொருளாக இருக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள்.

மூலத்தை வைத்தே அடையாளம் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் அரிசி. 2025 மே 4ஆம் தேதி மத்திய வேளாண் அமைச்சர் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். அவற்றில் 'கமலா' என்பது சம்பா மசூரியிலிருந்து உருவானது. நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று கேட்டு வாங்கும் அரிசி அந்தச் சம்பா மசூரிதான். இதில் வேற்று உயிரியின் மரபணு எதுவும் இல்லை. செடியின் சொந்த மரபணுவிலேயே நுண்ணிய மாற்றம் செய்திருக்கிறார்கள். அதனால் மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து இவ்வகைக்கு 2022 மார்ச்சிலேயே விலக்கு அளித்துவிட்டார்கள். விலக்கு சரியா தவறா என்பதை அறிஞர்கள் வாதிடட்டும். விளைச்சல் கூடி, நீர்ச் செலவு குறையுமானால் நானே அந்த அரிசியை வாங்கி உண்பேன். ஆனால் புகுத்திய துண்டு ஏதும் இல்லாததால், நான் மேலே விளக்கிய பரிசோதனையில் இது சிக்கவே சிக்காது. நெல் வயலிலிருந்து அரவை ஆலைக்கும், ஆலையிலிருந்து மண்டிக்கும் போகும் வழியில் யாரும் எழுதி வைக்காவிட்டால், அந்தப் பரிசோதனையால் பின்னால் பிரித்தறிய முடியாதபடி அது பொன்னியோடு பொன்னியாகக் கலந்துவிடும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. உறையில் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ தந்தால் போதும் என்பதுதான் விதி. தமிழ் விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். எனவே 'ஜி.எம்.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை விட, பச்சைப் புள்ளியைப் போல எழுத்தறியாதவருக்கும் விளங்கும் ஒரு குறியே நமக்கு ஏற்றது. அதோடு தமிழ்நாட்டில் விற்கும் எண்ணெய் டின்னிலும் பாக்கெட்டிலும், எந்தப் பயிர், எந்த வகை விதை என்பதைத் தமிழில் ஒரு வரி அச்சிடச் சொல்லி மத்திய ஆணையத்தைக் கேட்கத் தமிழ்நாடு அரசுக்கு என்ன தடை இருக்க முடியும்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். 2021 நவம்பரில் வரைவு வெளியானபோது கருத்துச் சொல்ல அறுபது நாள் அவகாசம் தந்தார்கள். வரைவு தமிழில் வரவில்லை. கருத்துச் சொல்ல வேண்டிய பருத்தி விவசாயியும் பலகாரக் கடைக்காரரும் இல்லத்தரசியும் அதைப் பார்த்திருக்க வழியில்லை. இனி இந்தப் பொருளில் எந்த வரைவு வந்தாலும், அடையாளம் பற்றிய பகுதியையாவது முழுமையாகத் தமிழாக்கி, கருத்து அனுப்ப வேண்டிய முகவரியோடும் கடைசித் தேதியோடும் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப்போய்ப் பருத்திப்பால் வண்டியில் ஒட்டிவைக்க அந்தத் தம்பியிடம் இப்போதே அனுமதி வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
மதுரை.